பங்காளி வால்வுகள்

உட்காருங்கக்கா, தாராளமா உட்காருங்க. என் பையைக் கீழே தள்ளிக்கறேன். இந்த டப்பா மட்டும் மடியிலேயே இருக்கட்டும். பால்கோவாங்க. கீழே வெச்சா நெய் கசிஞ்சு பத்திரிகையெல்லாம் வீணாப் போயிரும். கல்யாணப் பத்திரிகை இல்லைங்க, என் பாப்பாவுக்குப் புதன்கிழமை காதுகுத்து. நீங்க எதுவரைக்கும்? பொள்ளாச்சியா? அப்ப கடைசி வரைக்கும் நாம ரெண்டு பேரும் ஜோடிதான். நான் பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி, மஞ்சப்புதூர் பிரிவில் இறங்கணும்.

ஒரு நிமிஷம்க்கா, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்.

"ஏனுங்க, பாப்பா சாப்பிட்டாளா? என்ன சாப்பிட்டா? தயிர் ஊத்தினீங்களா? உப்புப் போட்டீங்களா? போட்டீங்க சரி, வாயில வெச்சுப் பார்த்தீங்களா? கேட்டா என்ன இப்ப? சரி சரி, வெச்சுடறேன். பஸ் ஏறிட்டேன்."

எங்க வீட்டுக்காரர்தான். மகுடேஸ்வரன்னு பேரு. தேங்காய் லோடு ஓட்டறார். நான் இந்த ஒட்டன்சத்திரத்துக்கு வேலையா வந்ததிலிருந்து வண்டியைக் கூட்டாளி கையில் கொடுத்துட்டு அவர்தான் பாப்பாவைப் பார்த்துக்கறார். தங்கமான மனுஷன். கண்ணை மூடிட்டு நம்பி விட்டுட்டு வரலாம். நான் சந்தேகப்படற ஆளே கிடையாதுங்க. சும்மா ஒரு தடவை கேட்டுக்கறதுதான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, நடுவில் ஞாபகம் வந்தா ஒரு தடவை.

என்ன வேலைன்னா கேட்டீங்க? கம்ப்யூட்டர் வேலைதான். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிச்சேன், அப்புறம் உடுமலையில் காலேஜ். கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி, மொத்தமே ஆறேழு பேர். பால் பண்ணைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பாங்க. நான் எழுதறவ இல்லை. எழுதினது சரியா ஓடுதான்னு பார்க்கறவ. டெஸ்டர்னு சொல்லுவாங்க.

சிரிங்க, சிரிங்க. பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறதுக்கா சம்பளம்னு எங்க வீட்டுக்காரர் பக்கத்துச் சனம் பூராவும் கேட்டு முடிச்சாச்சு. எனக்குப் பழகிருச்சு.

இதைக் கேளுங்க. நீங்க காலையில் வாங்கற பாக்கெட் பால் இருக்குதில்ல, அது டேங்கர் லாரியில் வந்து இறங்கி, அளந்து, பெரிய தொட்டிக்குப் போய், சூடாகி, குளிர்ந்து, பாக்கெட்டுக்குள் போய்ச் சேர்ற வரைக்கும் மனுஷக் கை படறதே இல்லை. எல்லாம் குழாய்தான். குழாய்க்கு நடுவில் நடுவில் வால்வு. அதைத் திறக்கறது மூடறது பூராவும் கம்ப்யூட்டர். பால் ஓடி முடிஞ்சதும் அதே குழாயில் சோடாக்காரம் கலந்த காரத்தண்ணி விட்டுச் சூடாக் கழுவும். அதுவும் கம்ப்யூட்டர்தான். புரியுதுங்களாக்கா? ஒரே குழாயில் குழந்தை குடிக்கிற பாலும் போகுது, காரத்தண்ணியும் போகுது. எந்த வால்வு எப்பத் திறக்குதுங்கறது விளையாட்டு இல்லை.

இப்ப நான் வந்தது எதுக்குன்னா, அந்தப் பண்ணையில் வாசல்ல ஒரு எடைமேடை இருந்தது. லாரியை ஏத்தி எடை போட்டுப் பால் எவ்வளவுன்னு கணக்குப் பார்ப்பாங்க. அதை எடுத்துட்டு, குழாயிலேயே ஓட ஓட அளக்கற மீட்டர் ஒண்ணு புதுசா மாட்டினாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி புரோகிராமையும் மாத்தியாச்சு. மாத்தினது நவநீதன்னு எங்க கம்பெனித் தம்பி. நல்ல பையன், கெட்டிக்காரன், என்ன, வாயைத் திறந்து பேச மாட்டான். கம்ப்யூட்டர்கிட்டப் பேசறதில் பாதி மனுஷங்ககிட்டப் பேசினாக்கூட இந்நேரம் அவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்.

மாத்தினது வாசல்ல இருக்கற மீட்டர் மட்டும்தான். ஆனா அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம். எதை மாத்தினாலும் சரி, ஒரு பட்டனோட கலரை மாத்தினாக்கூடச் சரி, முதல்லேயிருந்து கடைசி வரைக்கும் எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். தண்ணி ஓட்டம்னு பேரு. பாலுக்குப் பதிலாத் தண்ணியை விட்டு, வாசல்லேயிருந்து பாக்கெட் மெஷின் வரைக்கும் ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்க்கணும். முழுசா மூணு வாரம். அதுவரைக்கும் வர்ற பாலை வேற பண்ணைக்குத் திருப்பி விடுவாங்க. அங்கே நம்ம பாலுன்னா கடைசி வரிசைதான். லாரி வெயில்ல நிக்கும், டிரைவர்ங்க திட்டுவாங்க, பால் ஊத்தற சனம் போன் போட்டுத் திட்டும்.

நான் கேட்டேங்க. நேராவே கேட்டேன். "சார், சட்னியில் உப்பு மாத்தினா சட்னியைத்தான் ருசி பார்ப்போம். இட்லியை எதுக்கு மறுபடி வேக வைக்கணும்?"

யார்கிட்டக் கேட்டேன்னு சொல்லலையே, ஜெயசீலன் சார்கிட்ட. அந்தப் பண்ணையோட மேலாளர். திண்டுக்கல்காரர். உயரமா, ஒல்லியா, சட்டைப் பையில் எப்பவும் ஒரு தெர்மாமீட்டர் வெச்சிருப்பார், டாக்டர் மாதிரி. டீ கொடுத்தாக்கூட அதைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் குடிப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் கோவிச்சுக்கலை. "வாம்மா, ஒண்ணு காட்டறேன்"னு பின்பக்கம் கூட்டிட்டுப் போனார். ஒரு சாக்கடை. அவ்வளவுதான், வெறும் சாக்கடை. "நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனிக்காரன் வந்தான். பாக்கெட் மெஷின்ல நேரத்தை மட்டும் மாத்தினேன், வேற எதையும் பாக்க வேணாம்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டான். மறுநா காலையில ஒரு தொட்டிப் பால்ல கழுவுற தண்ணி கலந்திருச்சு. பாக்கெட் போடறதுக்கு முன்னாடி நம்ம லேப் பொண்ணு கண்டுபிடிச்சா, பிழைச்சோம். அவ்வளவு பாலையும் இந்தச் சாக்கடையிலதான் விட்டேன். ஊர்ப் பூனை பூரா வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. பூனை குடிக்காத பாலு. அன்னைக்கு முடிவு பண்ணினேம்மா. நீ இட்லின்னு சொல்லு, தோசைன்னு சொல்லு, எனக்கு எல்லாத்தையும் வேக வெச்சுக் காட்டணும்."

அவர் சொல்றதும் நியாயம்தானே.

ஆனா எனக்கு என் நியாயம் இருக்குதுங்க. என் தம்பி லோகநாதன் கப்பலில் வேலை பார்க்கறான். பாப்பாவுக்குத் தாய்மாமன் அவன் ஒருத்தன்தான். அவன் மடியில் உட்கார வெச்சுத்தானே மொட்டை அடிச்சுக் காது குத்தணும்? வெள்ளிக்கிழமை அவனுக்கு விமானம். ஏறினான்னா மறுபடி எப்ப வருவான்னு அவன் கப்பலுக்கே தெரியாது. பாப்பாவுக்கு இப்ப மூணாவது வயசு. இப்ப விட்டா எங்க வழக்கப்படி அஞ்சாவது வயசில்தான். அதுக்குள்ள பள்ளிக்கூடம் போயிருவா, மொட்டைத் தலையோட அனுப்பினா அழுவா. மூணு வாரம் தண்ணி ஓட்டம் ஓட்டினா நான் இங்கே வால்வைப் பார்த்துட்டு நிப்பேன், அங்கே பெத்தவ இல்லாம என் பாப்பா காதில் ஊசி ஏறும். இல்லாட்டி ஏறாமலே போகும்.

கொஞ்சம் இருங்கக்கா. பழனி தாண்டிட்டோமா? ஒரு போன் போட்டுக்கறேன். மாடியில் துணி காயுது, எடுத்தாரான்னு.

எடுக்க மாட்டேங்கறார். பாப்பாவைத் தூங்க வெச்சிட்டிருப்பார். சரி, விடுங்க.

எங்கே விட்டேன்? ஆங். அந்த வாரத்தில் ஒரு நாள் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கோம். பாக்கெட் பிரிவில் ரெண்டு பேர், பாய்லரில் ஒருத்தர், வாட்ச்மேன், நாலு பேரும் வரிசையா ஜெயசீலன் சார் முன்னாடி வந்து நிக்கறாங்க. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் தவறிட்டாராம். லீவு வேணும். சார் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே ஒவ்வொருத்தரையும் கேட்டார்.

"நீ என்ன முறை?"

"பங்காளிங்க சார்."

"நீயும் பங்காளியா? ரெண்டு பேரும் மூணு நாள். கருமாதி முடிச்சு தலை முழுகிட்டு வாங்க. பாய்லரு, நீ?"

"என் சம்சாரத்துக்குச் சித்தப்பா முறைங்க."

"சம்பந்தி வழி. எடுத்ததும் குளிச்சிட்டு நாளைக்கு வந்துரு. வாட்ச்மேன், உனக்கு என்னய்யா?"

"ஒரே தெருங்க."

"மாலை போட்டுட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துரணும். கேட்டு காலியாக் கெடக்கு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகலை. அவர் சர்ச்சுக்குப் போற மனுஷன், தீட்டு கீட்டு எதுவும் அவருக்குக் கிடையாது. ஆனா அந்தப் பண்ணையில் லீவுக்கு அதுதான் அவர் வெச்சிருக்கற சட்டம். யாரும் குறை சொல்ல முடியாது.

எனக்கு வாயில் வெச்ச சோறு அப்படியே நின்னுபோச்சு. நவநீதன் என்னக்கான்னு பார்த்தான். நான் எழுந்திரிச்சு, எச்சில் கையோட சார்கிட்டப் போயிட்டேன்.

"சார், ஒரு சாவு விழுந்தா ஊர்ல எல்லாருக்கும் மூணு நாள் லீவு தர்றீங்களா?"

"ஏம்மா, பால் கம்பெனி நடத்தறதா வேணாமா?"

"அப்ப வாசல்ல ஒரு மீட்டரை மாத்தினதுக்கு எல்லா வால்வும் எதுக்கு சார் மூணு வாரம் தீட்டுக் காக்கணும்? அந்த மீட்டருக்கு யார் பங்காளி, யார் சம்பந்தி, யார் ஊர்க்காரன்னு பிரிச்சுத் தர்றேன். பங்காளிக்கு முழு டெஸ்ட். சம்பந்திக்கு ஒரு முழுக்கு. ஊர்க்காரனுக்கு மாலை."

அவர் சிரிச்சாருங்க. புரையேறிச் சிரிச்சார். தண்ணி குடிச்சார். அப்புறம் சொன்னார்: "சரி. பிரிச்சுக் காட்டு. ஆனா ஊர்க்காரன்னு நீ ஒதுக்குறதுல நான் கை வெச்சு நாலஞ்சை எடுப்பேன். அதுல ஒண்ணு தப்பாப் போனாலும் மொத்தமும் முதல்ல இருந்து. சம்மதமா?"

சம்மதம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

அன்னிக்கே கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ரிப்பன் வாங்கிட்டு வந்தேன். செகப்பு ஒரு சுருள், மஞ்சள் ஒரு சுருள். நவநீதன் புரோகிராமைத் திறந்து வெச்சுட்டுச் சொல்லச் சொல்ல, நான் ஏணியில் ஏறி வால்வுக்கு ரிப்பன் கட்டினேன். மீட்டர் சொல்ற அளவை நேரா வாங்கிக்கற வால்வெல்லாம் பங்காளி, செகப்பு. பங்காளிகிட்டயிருந்து வாங்கறது சம்பந்தி, மஞ்சள். மீட்டரோட பேச்சு வார்த்தையே இல்லாதது ஊர்க்காரன், ரிப்பன் கிடையாது. கட்டி முடிச்சுப் பார்த்தா பண்ணையே பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருந்தது. பாக்கெட் பிரிவுப் பொண்ணுங்க வந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. "அக்கா, எங்க மெஷினுக்கு மட்டும் ஏன் கட்டலை?"ன்னு ஒருத்திக்கு வருத்தம்.

என்ன சொல்றீங்க? எங்க வீட்டில் பங்காளிங்களான்னா? இருக்காங்க, இருக்காங்க. மஞ்சப்புதூரில் ரெண்டு வீடு. அவங்களுக்கெல்லாம் நேரில் போய்ப் பத்திரிகை வெச்சாச்சு. இன்னொரு வீடு இருக்குது, வேலாங்காட்டில். உடுமலைக்கு முன்னாடியே வரும், இதே ரோடுதான். இவருக்குப் பெரியப்பா முறை. ஆனா அது ஒரு உறவே கிடையாதுங்க. பொதுக் கிணத்து மோட்டார் முறையில் ஏதோ தகராறு, நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே. எங்க கல்யாணத்துக்கும் வரலை, வளைகாப்புக்கும் வரலை. அந்த வீட்டு ஆளுங்க முகம்கூட எனக்குத் தெரியாது. பெரியவரை மட்டும் ஒரே ஒரு தடவை பார்த்தேன். உடுமலை பஸ் ஸ்டாண்டில் நிக்கறோம், வெள்ளை வேட்டி கட்டின ஒரு பெரியவர் வந்து, ஒண்ணும் பேசாம, பாப்பா கையில் ஒரு பொரி உருண்டைப் பொட்டலத்தைத் திணிச்சுட்டுப் போயிட்டார். இவர் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். யாருங்க அதுன்னு கேட்டா, "பெரியப்பா"ங்கறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாப்பா அந்த உருண்டை மொத்தத்தையும் தின்னா, அது வேற.

பத்திரிகை அடிக்கறப்ப இவர்தான் இழுத்தார். "வேலாங்காட்டுக்கு ஒண்ணு..."ன்னு. நான்தான் சொன்னேன், பேச்சே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க பத்திரிகை, போய் நின்னு வாங்கிக் கட்டிக்கறதுக்கா? இருக்கற வேலை பத்தாதா? சரின்னுட்டார். நமக்கு யார் வேணும், யார் வேண்டாம்னு தெளிவா இருந்துட்டா வேலை பாதி குறைஞ்சிரும்க்கா. என் தொழிலே அதுதானே.

உங்களுக்கும் ஒண்ணு தர்றேன், இந்தாங்க. நிஜமாத்தான், வாங்க. ஜெயசீலன் சாருக்குக் கொடுத்தேன், வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன், ஃபேன்சி ஸ்டோர்க்காரருக்குக்கூடக் கொடுத்தேன். நீங்களும் வாங்க. கறிச்சோறு.

ம், கதைக்கு வர்றேன். செகப்பு வால்வெல்லாம் முடிச்சோம். மஞ்சளும் முடிஞ்சது. எல்லாம் சுத்தம். சார் வந்தார். ரிப்பன் கட்டாத வால்வுங்க நடுவில் கோவில் பிரகாரம் சுத்தற மாதிரி மெதுவா ஒரு சுத்து சுத்தினார். நாலஞ்சு இடத்தில் விரலை நீட்டினார். அதில் ஒண்ணு கழுவற குழாயோட வால்வு.

நான் சொன்னேன்: "சார், அதுக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை. அது இதைக் கேக்கறதும் இல்லை, இது அதுக்குச் சொல்றதும் இல்லை."

"அதனாலதாம்மா அதை எடுத்தேன். ஓட்டு."

ஓட்டினோம். முதல் தொட்டிக்குப் பாலுக்குப் பதில் விட்ட தண்ணி இன்னும் பாதிதான் இறங்கியிருக்குது. அந்தக் கழுவற வால்வு, யாரையும் கேக்காம, மெல்லத் திறக்குது. காரத்தண்ணி இறங்குது. வெறும் தண்ணிதான் உள்ளே, ஒண்ணும் நஷ்டமில்லை. ஆனா எனக்கு அந்தப் பூனைங்க ஞாபகம் வந்தது.

என்ன ஆச்சுன்னா, பழைய எடைமேடை காலத்தில் லாரி காலியா இல்லையான்னு அந்த மேடை கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் குறிச்சு வைக்கும். கழுவற புரோகிராம் யாருக்கும் சொல்லாம அந்த இடத்தை எட்டிப் பார்த்துட்டு, காலின்னு இருந்தா கழுவ ஆரம்பிக்கும். இதை யாரோ எப்பவோ எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க. எடைமேடையை எடுத்ததும் அந்த இடம் எப்பவும் காலின்னே நிக்குது. நேரா ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறதே இல்லை, அதனால் தேடினப்ப எங்க கண்ணில் படலை. எங்க கண்ணிலன்னா நவநீதன் கண்ணில். நான் ரிப்பன் கட்டினவதானே. அவன் சொல்ல வேண்டாமா? வாயைத் திறக்காத பிள்ளையைக் கூட வெச்சுட்டு வேலை பார்த்தா இப்படித்தான்.

சார் திட்டலை. அந்த வால்வு பக்கத்தில் போய் நின்னு, "செகப்பு ரிப்பன் இருக்கா?"ன்னு கேட்டார். கொடுத்தேன். அவரே கட்டினார். கட்டிட்டுச் சொன்னார்: "பேச்சு நின்னு போச்சுன்னா பங்காளி இல்லைன்னு ஆயிருமாம்மா? ஒரே வாய்க்கால்ல தண்ணி குடிச்ச குடும்பம் இது."

எவ்வளவு அருமையாச் சொன்னார் பாருங்க. நான் அதை டைரியில்கூட எழுதி வெச்சுக்கலாம்னு நினைச்சேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு, நவநீதன் மாதிரி ஆளுங்களுக்கு, இதெல்லாம் எங்கே புரியுது?

இல்லைங்கக்கா, மொத்தமும் முதல்ல இருந்து ஓட்டச் சொல்லலை. சொல்லிருவார்னு நான் பயந்துட்டேன். கண்ணில் தண்ணி வந்துருச்சு, மறைச்சுக்கிட்டேன். அவர் பார்த்துட்டார்போல. "உன் பொண்ணுக்குக் காதுகுத்து எப்ப?"ன்னார். புதன்னேன். "யாரும் கூப்பிடாமலே எட்டிப் பாக்குற இடம் வேற எங்கெங்க இருக்கு, அதை மட்டும் தேடிக் கட்டுங்க. கட்டினதை எல்லாம் ஓட்டிக் காட்டுங்க. மிச்சத்துல மறுபடி நான் கை வெப்பேன். இந்தத் தடவை எல்லாம் சரியாப் போனா நீ பஸ் ஏறு."

தேடினோம். நவநீதன் சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து தேடினான், பாவம். இன்னும் மூணு இடம் கிடைச்சது. செகப்பு ரிப்பன் பத்தாம மறுபடி கடைக்கு ஓடினேன். நேத்து சார் மறுபடி பிரகாரம் சுத்தினார், விரலை நீட்டினார். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டது. மூணு வாரம் ஆக வேண்டியது பாதிகூட ஆகலை. இன்னிக்குக் காலையில் நம்ம ஊர்ப் பால் அந்த மீட்டர் வழியா ஓடுச்சு. சார் முதல் பாலை ஒரு டம்ளரில் பிடிச்சு, தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துட்டு, என் கையில் கொடுத்தார். அப்புறம்தான் இந்தப் பால்கோவா டப்பா. மிச்ச ரிப்பனையும் எடுத்துட்டு வந்துட்டேன். புதுப்பாவாடைக்குச் செகப்பு எடுப்பா இருக்கும். தலையில் கட்டத்தான் முடியாது, அதுதான் மொட்டையாச்சே.

அட, போன். எங்க வீட்டுக்காரர்தான். பார்த்தீங்களா, நான் கூப்பிட்டது தெரிஞ்சதும் பயந்துட்டுக் கூப்பிடறார்.

"என்னங்க, துணியை எடுத்தீங்களா? ... எங்க இருக்கீங்க, சத்தமா இருக்குது? ... யாரு? ... எப்ப? ... காலையிலயா? நான் பேசினப்ப நல்லாத்தானே... ஓ. இப்பத்தான் தகவல் வந்துச்சா. ... பாப்பா எங்க? அங்கயா? அந்த வீட்டுலயா? யாரு தூக்கி வெச்சிருக்காங்க? ... சரி. ... சரிங்க. ... புதன்கிழமை? ... ம். ... ம். தெரியுதுங்க. எனக்குத் தெரியாதா? ... லோகுகிட்ட நான் சொல்லிக்கறேன். ... அவங்க என்ன சொல்றாங்க? ... அப்படியா சொன்னாங்க? ... எத்தனை மணிக்கு எடுக்கறாங்க? ... வந்தர்றேன். அங்கயே வந்தர்றேன்."

ஒண்ணுமில்லைங்கக்கா. தண்ணி இருக்குதுங்களா? கொடுங்க.

அந்தப் பெரியவர்தான். வேலாங்காட்டுப் பெரியப்பா. காலையில் காபி குடிச்சுட்டுக் கட்டிலில் சாய்ஞ்சவர் அப்படியே போயிட்டாராம். நிறைஞ்ச வயசு, படுக்கையில் விழாத சாவு. தகவல் வந்ததும் இவர் பாப்பாவைத் தூக்கிட்டு ஓடிட்டார். அங்கே போய் நின்னா யாரும் ஒரு வார்த்தை கேக்கலையாம். அந்த வீட்டு அண்ணன் வந்து இவர் கையைப் பிடிச்சுட்டு அழுதாராம். பாப்பாவை அந்த வீட்டு அக்கா வாங்கிட்டுப் போய் இட்லி ஊட்டினாங்களாம். உப்புப் பார்த்தாங்களான்னு நான் கேக்கலை.

புதன்கிழமை எப்படிங்க நடக்கும்? தீட்டு ஆச்சே. காது பாப்பாவுக்கு. பாப்பா யாரு? அந்த வீட்டுப் பேத்தி.

நீங்க கேக்கறது புரியுது. இன்னிக்குத் திங்கள், மூணாம் நாள் கருமாதியை முடிச்சா வியாழக்கிழமை குத்தலாம். வெள்ளிக்கிழமை லோகு கிளம்பிருவான். ஆனா அது அவங்க வீட்டு முடிவு. முன்னாடி பதினாறு நாள் காத்தாங்க, இப்ப எல்லாரும் மூணு நாளில் முடிச்சுக்கறாங்க, அது வேற. சாவு வீட்டில் போய் நாங்க நாள் குறைங்கன்னு கேக்க முடியுமா? பத்திரிகைகூட வைக்காத நாங்க?

அந்த அண்ணனே சொன்னாராம். "பாப்பாவோட தாய்மாமன் கப்பலுக்குப் போகணும்னு கேள்விப்பட்டோம். அப்பாவை எடுத்துட்டு வந்ததும் உட்கார்ந்து பேசலாம். பாப்பா விசேஷம் நிக்கக் கூடாது. ஆனா கோகிலவாணி வரட்டும்"னு. என் பேரைச் சொன்னாராம்க்கா. முழுப் பேரை. நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் பேர் அவருக்கு எப்படித் தெரியும்?

கண்டக்டர் அண்ணா, வேலாங்காட்டுப் பிரிவு நிக்குமுங்களா? இல்லைங்க, மஞ்சப்புதூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இப்ப இங்கே இறங்கணும்.

அக்கா, இந்த டப்பாவை நீங்க வெச்சுக்குங்க. சாவு வீட்டுக்கு இனிப்பு எடுத்துட்டுப் போகக் கூடாது. இல்லை இல்லை, நெஜமாத்தான், சாப்பிடுங்க. நல்ல பால்கோவா, நானே பார்த்து வந்த பால். இந்தப் பத்திரிகைக் கட்டையும் கொஞ்சம் வெச்சிருங்க. இதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. கீழே என் நம்பர் இருக்குது. ராத்திரிக்குள் நாள் தெரிஞ்சுரும், கூப்பிடுங்க. நீங்க வர்றீங்க, கட்டாயம் வர்றீங்க.

என் தம்பியா? அவனுக்கென்ன, அவன் சம்பந்தி. வந்து முகத்தைப் பார்த்துட்டுக் குளிச்சாப் போதும்.

நானா? என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? அந்த வீட்டு மருமகங்க நான். மூணு நாளும்தான்.

கொஞ்சம் வழி விடுங்க. அதோ, பந்தல் தெரியுது.